அவரைப்பூ மேல் போட்ட பழி

மார்ச் 4, 1962. ஞாயிறு.

பூசை முடிந்து வந்து ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டினேன். முழங்கால் வலி பரவாயில்லை. மேலே இருக்கும் தேதியை நானே எழுதினேன். யாரையும் கேட்கவில்லை. அறுபத்தெட்டு வயதில் 'ஞாயிறு' என்று எழுதுகிற ஆள் இந்த ஊரில் வேறு யார் இருக்கிறார்கள்?

மாலைப் பள்ளி டீச்சர் தினமும் எதையாவது எழுதச் சொல்லியிருக்கிறார். போன வாரம் "காலையில் நான் ரொட்டி தின்கிறேன்" என்று எழுதிக் கொண்டுபோனேன். டீச்சர் படித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் மொழியில் ரொட்டி 'பானே', நாய் 'கானே'. முதல் எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். காலையில் நான் நாய் தின்கிறேன்! வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். ஒரு எழுத்துக்கு இவ்வளவு பலமா?

ரஃபயேலா காலியாரிப் பட்டணத்திலிருந்து வந்திருக்கிறாள். எங்கள் கடைசிப் பெண், டாக்டருக்குப் படிக்கிறாள். பாஸ்கா திருநாள் முடிந்ததும் வாய்மொழித் தேர்வாம். செங்கல் கனத்தில் ஒரு புத்தகத்தோடு இறங்கினாள்.

மார்ச் 6.

உயிர்வேதியியல். இந்தச் சொல்லை எழுதவே மாலையில் பாதி போய்விட்டது.

அடுப்படியில் நடந்துகொண்டே உரக்கப் படிக்கிறாள். வாயால் சொல்ல வேண்டிய தேர்வு என்பதால் சுவரிடம் சொல்லிப் பழகுகிறாள். நான் சுவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதால் எனக்கும் சேர்த்துக் கிடைக்கிறது. இன்று கேட்டது — நாம் தின்னும் ரொட்டி உடம்புக்குள் எரிகிறதாம்.

"எரியுதா? அப்ப புகை எங்க?"

"நீங்க விடுற மூச்சுதான்ப்பா புகை."

"நெருப்பு?"

"கைய நெஞ்சுல வச்சுப் பாருங்க. சூடா இருக்கில்ல? மெதுவா எரியிற நெருப்பு அது. பொறந்ததிலேருந்து எரியுது."

எழுந்துபோய்க் கண்ணாடி ஜன்னலில் ஊதினேன். ஈரம் படிந்தது. "அந்தத் தண்ணியிலயும் கொஞ்சம் நீங்க தின்ன ரொட்டியோடதுதான்" என்றாள். நெஞ்சில் வைத்த கையை எடுக்க மனமில்லாமல் அப்படியே நின்றேன்.

என் மனைவி பொனாரியா கேட்டாள்: "ஜன்னலத் தொடைக்கப் போறீங்களா, முத்தம் குடுக்கப் போறீங்களா?"

மார்ச் 7.

தூக்கமில்லை. என் மூச்சை நானே கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

மார்ச் 10.

இன்றைய அதிர்ச்சி: நொதி.

உடம்பில் ஒவ்வொரு வேலைக்கும் தனி ஆள் இருக்கிறானாம், அவன் பெயர் நொதி. சர்க்கரையை வெட்ட ஒருவன், வெட்டியதைத் தூக்கிக் கொடுக்க இன்னொருவன். ஒருவன் வராவிட்டால் அடுத்தவன் அந்த வேலையைத் தொடமாட்டான்.

"நம்ம ஊர் நகராட்சி ஆபீஸ் மாதிரியா?" என்று கேட்டேன்.

"அதேதான்ப்பா. ஆனா இங்க வேலை நடக்கும்."

பால் குடிக்கும் குட்டியின் இரைப்பையை உப்புப் போட்டு வைத்திருந்து, அதில் துளி கரைத்து ஊற்றிப் பாலை உறைய வைக்கிறோமே, பாலாடைக்கட்டிக்கு? அதுவும் நொதிதானாம்! என் அப்பனும் நானும் ஆயுள் முழுக்கக் கையில் வைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். இத்தனை வருஷம் கூட வேலை பார்த்தவன் பெயர் இன்றைக்குத்தான் தெரிகிறது. பால் சட்டியைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினேன். பொனாரியாவுக்குப் பயமாகிவிட்டது.

மார்ச் 15.

மழை. ஆடு வெளியே விடவில்லை.

நொதி எதனால் ஆனது? புரதத்தால். புரதம் எதனால் ஆனது? சின்னச் சின்ன மணிகள் கோத்த மாலை. அதில் எத்தனை வகை மணி? இருபது. அந்த இருபதை வைத்துக்கொண்டு ஆட்டையும் பண்ணலாம், பிஷப்பையும் பண்ணலாம்.

எங்கள் அரிச்சுவடியில் இருபத்தொரு எழுத்து. கிட்டத்தட்ட அதே கணக்கு! கேட்டதும் உடம்பு சிலிர்த்துவிட்டது. அப்படியானால் நான் ஒரு எழுத்து. இல்லை, நான் ஒரு வாக்கியம்.

"ஒரு மணி மாறிப் போனா?" என்று கேட்டேன்.

"சில நேரம் ஒண்ணும் ஆகாது. சில நேரம் ரொட்டி நாயாயிடும்" என்றாள்.

பள்ளியில் நடந்ததைப் பொனாரியா அவளிடம் சொல்லிவிட்டிருக்கிறாள்.

மார்ச் 19. சூசையப்பர் திருநாள்.

பொனாரியாவின் அவரை பூத்துவிட்டது. ஃபாவா அவரை. வெள்ளைப் பூ, நடுவில் கறுப்புப் பொட்டு. வாசனை மதில் தாண்டிப் போகிறது.

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணன் வீடு. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டார். அண்ணி விட்டாலியாவும், மகள் செவெரினாவும், செவெரினாவின் பையன் அந்தியோக்கோவும் இருக்கிறார்கள். அவனுக்கு மூன்று வயது, கோக்கோ என்று கூப்பிடுகிறார்கள். மருமகன் ஜெர்மனியில் சுரங்க வேலைக்குப் போயிருக்கிறான்.

வழக்கம்போல முதல் பூ விழித்த அன்றே அந்த வீட்டு ஜன்னல்கள் எல்லாம் படார் படார் என்று சாத்தப்பட்டன. பூ உதிரும்வரை திறக்கமாட்டார்கள். பையனை வெளியே விடமாட்டார்கள்.

இதற்குப் பழைய கதை ஒன்று உண்டு. எழுதித்தான் பார்ப்போமே. 1939-இல் அவர்களுடைய மகன் பிரியாமு, நான்கு வயது, வசந்தத்தில் ஒரு நாள் மஞ்சளாகி விழுந்தான். மறுநாள் இல்லை. அவரைப் பூவின் வாசனை சில பேரை அடிக்கும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். "உன் பூதான் என் பிள்ளையக் கொன்னுச்சு. பிடுங்கி எறின்னு கெஞ்சினேன், கேக்கலியே" என்று அண்ணி சவப்பெட்டிப் பக்கத்தில் நின்று பொனாரியாவைப் பார்த்துச் சொன்னாள். அதுதான் கடைசிப் பேச்சு. ஓரகத்திகள் இருவரும் அதற்குப் பிறகு ஒரே பூசைக்குப் போகிறார்கள், ஆளுக்கு ஒரு வாசல் வழியாக.

பொனாரியா ஒவ்வொரு வருஷமும் அதே இடத்தில் அவரை விதைக்கிறாள். வேண்டாம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பேன். "நிறுத்தினா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்" என்பாள்.

மார்ச் 24. சனி.

எழுத்து கோணலாக வரட்டும்.

ரஃபயேலா நடந்துகொண்டே படித்தாள். ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் இருக்கின்றன. மூச்சுக்காற்றைச் சுமப்பது அவற்றின் வேலை. அந்தக் காற்றே அவற்றைத் துருப்பிடிக்கவும் வைக்கும். துருவைத் துடைக்கச் சக்தி கொடுக்கும் ஒரு நொதி உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி குறைவு. அவர்கள் சாதாரண நாளில் நன்றாகத்தான் இருப்பார்கள். ஆனால் ஒன்றைத் தின்றால் துரு ஒரேயடியாக ஏறும். துடைக்க ஆளில்லை. அணுக்கள் உடைந்து கொட்டும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கறுப்பு வைன் நிறத்தில் போகும்.

எதைத் தின்றால்?

பச்சை அவரை.

குவளை கையிலிருந்து விழுந்துவிட்டது. அன்றைக்கு அண்ணன் மூத்திரச் சட்டியைத் தூக்கிக்கொண்டு இந்த அடுப்படிக்குத்தான் ஓடிவந்தார். "தம்பி, இதப் பாரு, வைன் மாதிரி இருக்குடா" என்றார். பிரியாமுவுக்கு அப்படித்தான் போனது. அப்படியேதான்.

"பூவோட வாசனைன்னு சொல்லுவாங்களேம்மா?" என்று ரஃபயேலாவைக் கேட்டேன்.

"வாசனையாலும் வரும்னு சில பேர் எழுதியிருக்காங்க. ஆனா எங்க புரொபசர் பாத்த பிள்ளைங்க அத்தனை பேரும் காயத் தின்னவங்கதான். வாசனையால விழுந்தவங்கள ஒருத்தரக்கூட அவர் பாத்ததில்லையாம். ஏன்ப்பா இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

மார்ச் 25.

எழுத முடியவில்லை.

மார்ச் 27.

ரஃபயேலாவுக்கு அந்தச் சாவு ஒரு பழங்கதை. அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்தது. முழுவதும் சொன்னேன். அவள் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு தாளில் கோடு கோடாகப் போட்டாள்.

இந்தக் குறை தகப்பனிடமிருந்து மகனுக்கு வராதாம். வரவே வராது. மகனுக்கு வந்தால் அது தாயின் வழியாகத்தான். தாய் நன்றாகவே இருப்பாள், அவளுக்கே தெரியாது. பிள்ளைகளில் சிலருக்குப் போகும், சிலருக்குப் போகாது. மகள்களும் அதை வாங்கி அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றலாம்.

ஆக, பிரியாமுவுக்கு வந்தது அண்ணன் ரத்தத்திலிருந்து இல்லை. எங்கள் வீட்டிலிருந்தும் இல்லை, பொனாரியாவின் பூவிலிருந்தும் இல்லை. அண்ணி விட்டாலியாவிடமிருந்து.

சதுப்புக் காய்ச்சல், அதாவது மலேரியா, அடித்துக்கொண்டிருந்த ஊர்களில்தான் இந்தக் குறை அதிகமாம். காய்ச்சலுக்கு இந்த ரத்தம் பிடிக்காதோ என்று ஆராய்கிறார்களாம். ஊரே நடுங்கிக்கொண்டு படுத்திருந்த காலத்தில் அண்ணியின் தம்பிகள் மட்டும் வயலில் பாட்டுப் பாடிக்கொண்டிருப்பார்கள். "எங்க வீட்டு ரத்தம் இரும்பு" என்று அண்ணி பெருமை பேசுவாள்.

ஆண்டவரே, என்ன வேலை பார்த்துவைத்திருக்கிறீர்?

இத்தோடு முடியவில்லை. ரஃபயேலா கோட்டைக் கீழே இழுத்தாள். அண்ணி, அப்புறம் செவெரினா, அப்புறம் — பென்சில் நின்றது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கோக்கோ.

மார்ச் 29.

பொனாரியாவிடம் சொன்னேன். ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை, பிசைந்துகொண்டே கேட்டாள். முடித்ததும் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

"அப்ப அவகிட்டேருந்து."

"ஆமா."

"இருபத்துமூணு வருஷம். கடைக்காரியிலேருந்து சாமியார் வரைக்கும் என்னை எப்படிப் பாத்தாங்க தெரியுமா? எம் மூத்தவன் கல்யாணத்துக்கு அந்தத் தெருவுலேருந்து ஒருத்தி வந்தாளா? வர ஞாயித்துக்கிழம பூசையில எழுந்து நின்னு சொல்றேன். எல்லாரும் கேக்கட்டும்."

"சொல்லு. உனக்கு அந்த உரிமை இருக்கு."

மாவை ஈரத்துணியால் மூடினாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பொடியனுக்கும் இருக்குமா?"

"இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். ரத்தத்தப் பாத்தாத்தான் தெரியும்."

"அவரை இன்னும் காய்க்கலையே?"

"இன்னும் இல்ல."

ஏப்ரல் 1. ஞாயிறு.

பூசையில் பொனாரியா எழுந்து நிற்கவில்லை. நான் பெஞ்சைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

துணி துவைக்கும் தொட்டியருகே ரஃபயேலா செவெரினாவைத் தனியாகப் பிடித்தாள். நானும் போயிருந்தேன். பெரியவர்களின் சண்டை செவெரினாவுக்கு வேண்டாத சுமை, எங்களைத் தனியாகப் பார்த்தால் பேசுவாள். ரஃபயேலா ஒளிக்காமல் எல்லாம் சொன்னாள். செவெரினா ஈரச் சட்டையைப் பிழிந்தாள், பிழிந்ததையே மறுபடி பிழிந்தாள்.

"சித்தப்பா, பிரியாமு அன்னிக்குக் காலையில என்ன தின்னான்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது.

"அம்மா இன்னிக்கும் சொல்லுவா. கடைசி நாள்லகூட எம் பிள்ளை வயிறாரத் தின்னான்னு. மடியில உக்காந்துகிட்டு, இவ பிஞ்சு அவரைய உரிச்சு உரிச்சுக் குடுக்க, வாயத் தொறந்து தொறந்து வாங்கிக்கிட்டானாம். குருவிக்குஞ்சு மாதிரின்னு சொல்லுவா. அவன நெனச்சு அவ சிரிக்கிறது அது ஒண்ணுக்குத்தான் சித்தப்பா."

பிழிந்த சட்டையை மறுபடி தண்ணீரில் முக்கினாள்.

"கோக்கோவுக்கும் அதேதான். போன வருஷம் பல்லு பத்தலைன்னு விட்டா. இந்த வருஷம் முதல் பிஞ்சு அவ கையாலதான் குடுப்பாளாம். பூ உதிரட்டும், உதிரட்டும்னு காத்துக்கிட்டு இருக்கா."

பூவுக்கு ஜன்னலைச் சாத்துகிறோம், காய்க்கு மடியைத் திறக்கிறோம். இப்படித் தவறு செய்ய எங்களால்தான் முடியும்.

ஏப்ரல் 5. வியாழன்.

காலியாரி போய்வந்தோம். பாஸ்காவுக்குச் செருப்பு வாங்கப் போவதாகவும் பட்டணத்தில் அவரைப் பூ இல்லை என்றும் அண்ணியிடம் சொல்லிவிட்டுச் செவெரினா பையனோடு கிளம்பினாள். நானும் ரஃபயேலாவும் அடுத்த நிறுத்தத்தில் ஏறினோம். பஸ் முழுக்கக் கோக்கோ என் தொப்பியைப் போட்டுக்கொண்டு டிரைவருக்கு உத்தரவு போட்டான். "இடது பக்கம் திருப்பு! ஆடு! ஆடு!"

பல்கலைக்கழகத்தில் ஓர் அறை. காடி வாடை. ரஃபயேலாவின் புரொபசர் பெரிய மூக்குள்ள சாந்தமான மனிதர். கோக்கோவின் விரலில் குத்தினார். அவன் அழவில்லை, விரலையே ஆச்சரியமாகப் பார்த்தான். செவெரினாவிடமும் எடுத்தார்.

"என்னோடதும் பாருங்க ஐயா" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு?"

"நானும் ஒரு வாக்கியம்தான். சரியா எழுதியிருக்கான்னு பாக்கணும்."

சிரித்துக்கொண்டே எடுத்தார்.

மூன்று கண்ணாடிக் குழாய். ரத்தத்தில் நீலச் சாயம் விட்டு, மேலே எண்ணெய் ஊற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தினார்கள். நொதி ஒழுங்காக வேலை செய்தால் நீலம் போய்விடுமாம், ரத்தம் பழையபடி சிவக்குமாம். காத்திருந்தோம். கோக்கோ பெஞ்சில் தூங்கிப்போனான்.

என்னுடையது முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது. எனக்குள்ளே என்னைக் கேட்காமலே வேலை பார்த்துக்கொண்டிருக்கிறவனைக் கண்ணால் பார்த்தேன்! வேறு ஒரு நாளாக இருந்தால் ஆடியிருப்பேன்.

செவெரினாவுடையது தயங்கித் தயங்கிச் சிவந்தது.

மூன்றாவது குழாய் அப்படியே இருந்தது. புரொபசர் கடிகாரத்தைப் பார்த்தார். வெளியே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தோம். நீலம். இருட்டுகிற நேரத்துக் கடல் மாதிரி நீலம்.

"நல்லா வளருவான்மா" என்றார் புரொபசர். "எல்லாம் சாப்பிடுவான், ஓடுவான், பட்டாளத்துக்குப் போவான். அவரை மட்டும் கூடாது. ஒரு காய்கூட. சில மாத்திரைகளும் கூடாது, எழுதித் தரேன்."

செவெரினா குழாயைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "என்கிட்டேருந்தா?" என்றாள். தூங்குகிறவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

செருப்பும் வாங்கினோம். சிவப்பு.

ஏப்ரல் 7.

செவெரினா மதில் ஓரமாக வந்து நின்று கிசுகிசுத்தாள். நேற்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாளாம். டாக்டர் பையனுக்கு அவரை கூடாது என்கிறார் என்று.

"பட்டணத்து டாக்டருக்கு என்னடி தெரியும்? காய் ரத்தம் ஊறவைக்கும். பூதான் கொல்லும். எம் பிள்ளையப் புதைச்சவ நான், எனக்கு நீ சொல்றியா?"

அதற்கு மேல் செவெரினாவால் பேச முடியவில்லை. பேசுவதென்றால் மீதியையும் சொல்ல வேண்டும். நீ உரிச்சுக் கொடுத்தியே அம்மா, அதுதான் என்று. பகலெல்லாம் அவள் தக்காளித் தோட்டத்தில் கூலிக்குப் போகிறாள். பையன் அண்ணியின் இடுப்பைவிட்டு இறங்குவதில்லை.

ஏப்ரல் 8. ஞாயிறு.

வீட்டில் சண்டை.

ரஃபயேலா: "நான் போய்ச் சொல்றேன். நேரா. உண்மைய ஒளிச்சு வைக்கிறதுக்கா இத்தனை பேர் படிக்கிறோம்?"

பொனாரியா: "சொன்னா நம்புவாளா?"

"நம்பாட்டி புரொபசரக் கூட்டிட்டு வரேன்."

"நம்பிட்டா?"

ரஃபயேலா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"நம்பிட்டா அவளுக்கு என்னடி மிஞ்சும்?" என்றாள் பொனாரியா. பிறகு கோபமாக, "அவளுக்காக நான் பேசலை. அவ நல்லா இருக்கணும்னு எனக்கு ஒரு ஆசையும் இல்ல. சும்மா கேட்டேன்."

"அம்மா, உங்க மேல இருக்கிற பழி போகும்ல?"

"போகும். போகும்."

நானே போகலாம் என்று அண்ணி வாசல் வரைக்கும் போனேன். ஜன்னல் திறந்திருந்தது. பூ ஏறக்குறைய உதிர்ந்துவிட்டதே. உள்ளே அண்ணி பையனுக்குத் தலைவாரிக்கொண்டு, "வாயத் தொற குருவி" என்று ரொட்டித் துண்டு ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எத்தனையோ வார்த்தை எழுதக் கற்றிருக்கிறேன். சொல்ல ஒன்றும் வரவில்லை. திரும்பி வந்தேன்.

சந்தையில் பிஞ்சு அவரை வந்துவிட்டது.

ஏப்ரல் 10. செவ்வாய்.

இதை மெதுவாக எழுதுகிறேன். ஒரு வார்த்தை விட்டுப்போகக்கூடாது.

காலையில் பால் கறந்துவிட்டு வந்தால் பொனாரியா கொல்லையில் குனிந்து அவரைச் செடிகளை வேரோடு பிடுங்கிக்கொண்டிருந்தாள். அங்கங்கே கடைசிப் பூ, மீதியெல்லாம் பிஞ்சு. எல்லாவற்றையும். "பொனாரியா! என்ன பண்ற?" கத்தினேன். அவள் நிமிரவேயில்லை. கடைசிச் செடி வரைக்கும் பிடுங்கினாள். மண்ணும் வேருமாகக் கைகொள்ளாமல் அள்ளிக்கொண்டு, கறுப்புச் சால்வையோடு தெருவில் இறங்கி நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

அந்த வீட்டு வாசலில் போய் நின்றாள். முற்றத்தில் விட்டாலியா. மடியில் கோக்கோ. பக்கத்தில் ஒரு கூடை. கூடையில் பச்சைப் பிஞ்சு. சந்தையிலிருந்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும். ஒரு காயை உரித்து விரலில் வைத்திருந்தாள்.

முற்றத்துக்குள் ஓர் அடி எடுத்து வைத்தேன்.

"அக்கா" என்றாள் பொனாரியா. இருபத்துமூன்று வருஷத்துக்குப் பிறகு.

விட்டாலியாவின் கை அப்படியே நின்றது.

"நீங்க சொன்னது சரி. என் பூதான்."

நான் வாய் திறந்தேன். திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"நீங்க பிடுங்கச் சொன்னீங்க, நான் திமிர் புடிச்சுப் பிடுங்கலை. இன்னிக்குப் பிடுங்கிட்டேன். பாருங்க, வேர் வரைக்கும்." செடிகளைக் கீழே போட்டாள். "பட்டணத்துல கேட்டுட்டு வந்தோம். ஒரு குடும்பத்துல அவரை ஒரு பிள்ளைய எடுத்துட்டா, அந்தக் குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு அப்புறம் அவரையே ஆகாதாம். பூ, இலை, பிஞ்சு, முத்தல், வேக வச்சது, எதுவுமே. நான் பண்ணினது இந்தப் பொடியன் தலையிலயும் விழுந்துடக்கூடாது அக்கா. ஒரு காய் அவன் வாயில படக்கூடாது. என்னை என்ன வேணா சொல்லுங்க."

விட்டாலியா பையனை இறக்கிவிட்டாள். எழுந்து நின்றாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று எழுத என்னிடம் வார்த்தை இல்லை. தாகத்தில் தவித்தவள் தண்ணீரைப் பார்ப்பதுபோல இருந்தது.

"சொல்லிட்டியா?" என்றாள். "உன் வாயால சொல்லிட்டியா? சனியனே. கொலைகாரி. எம் பிள்ளை… எம் பிள்ளை என்ன பண்ணினான் உன்ன?"

அழுதாள். வீடே அதிர்கிற அழுகை. பிறகு கூடையைத் தூக்கிப் பொனாரியாவின் மேல் வீசினாள். பிஞ்சு எல்லாம் முற்றம் முழுக்கச் சிதறியது. ஒன்றை எடுக்கக் குனிந்த கோக்கோவின் கையைத் தட்டிவிட்டாள், சுளீர் என்று. "தொடாதே! இனி இந்த வீட்டுக்குள்ள அவரை வரக்கூடாது! விஷம்! விஷம்!" அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

பொனாரியா திரும்பி நடந்தாள். சால்வையில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்து எறிந்தேன்.

"ஏன்டி?" என்றேன்.

"கூடையப் பாத்தீங்கல்ல?" என்றாள். வீட்டுக்கு வந்து கைகழுவிவிட்டு, ரொட்டியும் பாலாடைக்கட்டியும் வைத்துக்கொண்டு நிறையச் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 11.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. கடைக்காரி பொனாரியாவின் கையில் கொடுக்காமல் சாமானைப் பலகையில் வைத்தாளாம்.

ஏப்ரல் 14.

ரஃபயேலா இரண்டு நாளாக அம்மாவிடம் பேசவில்லை. "பொய்ம்மா அது. முழுப் பொய்" என்றாள் இன்று.

"கடைசியில சொன்னது பொய்யா? பையனுக்கு அவரை ஆகாதுன்னது?"

"அது உண்மை."

"அது ஒண்ணுதான் அவ காதுல விழணும். மிச்சம் எல்லாம் அதச் சுத்திக் குடுத்த காகிதம்."

ரஃபயேலா புத்தகத்தைத் திறந்தாள், மூடினாள். அம்மாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். நான் ஆட்டைப் பார்க்கப் போகிறவன்போல வெளியே வந்துவிட்டேன்.

ஏப்ரல் 22. பாஸ்கா.

கோயிலில் சிவப்புச் செருப்பு டக் டக் என்று சத்தம் போட்டுக்கொண்டு போனது. எங்கள் பெஞ்சில் எங்களைத் தவிர யாரும் உட்காரவில்லை. பாட்டுப் புத்தகத்தில் ஒரு வரியை விரலால் தொடாமல் படித்தேன்.

மே 5.

ரஃபயேலா தேறிவிட்டாள். ரத்தத்தைப் பற்றித்தான் கேட்டார்களாம்.

செவெரினா தோட்டத்திலிருந்து வருகிற வழியில் என்னைப் பார்த்து நின்றாள். "சித்தியப் பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள். எனக்கும் தெரியவில்லை என்றேன். கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம்.

ஜூன் 3. ஞாயிறு.

அவரைக் காலம் முடிந்தது. காடெல்லாம் காய்ந்த தட்டை.

மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருந்தேன், பொனாரியா கதவோரம் உட்கார்ந்து சட்டை தைத்துக்கொண்டிருந்தாள். பந்து ஒன்று எங்கள் வாசலில் வந்து விழுந்தது. பின்னாலேயே கோக்கோ ஓடிவந்தான். பொனாரியாவைப் பார்த்ததும் நின்றான். இவள் பந்தைக் காலால் அவன் பக்கம் உருட்டிவிட்டாள்.

அந்தப் பக்கத்திலிருந்து விட்டாலியாவின் குரல் தெருவே கேட்கும்படி வந்தது.

"கோக்கோ! அந்தக் கொலைகாரி வீட்டுப் பக்கம் போகாதேன்னு எத்தனை தடவ சொல்றது!"

"வரேன்! வரேன்! வரேன்!" என்று அவன் அதைவிடப் பெரிதாகக் கத்திக்கொண்டு ஓடினான்.

பொனாரியா ஊசியை நிறுத்தினாள். அவன் மறைகிறவரை பார்த்தாள்.

"கன்னத்தப் பாத்தீங்களா," என்றாள், "எப்படிச் செவந்து கெடக்கு."

மறுபடி தைக்க ஆரம்பித்தாள்.